வான்கூவர் 2010: ஸ்கீ ஜம்பிங் வீராங்கனைகள் தொடுத்த வழக்கு – ஒரு நிகழ்வு ஆய்வு

2010 பிப்ரவரியில் கனடாவின் வான்கூவரில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது இரண்டே விளையாட்டுகளில் பெண்களுக்கு இடமில்லை. ஒன்று ஸ்கீ ஜம்பிங். மற்றொன்று, அந்தத் தாண்டுதலையும் நெடுந்தூரப் பனிச்சறுக்கு ஓட்டத்தையும் சேர்த்து நடத்தும் நார்டிக் கம்பைண்ட். முதலாவதில் தங்களைச் சேர்க்கச் சொல்லி 15 வீராங்கனைகள் நீதிமன்றம் போனார்கள். அவர்களுக்கு இழைக்கப்பட்டது பாகுபாடுதான் என்று நீதிபதி எழுதினார். ஆனாலும் வழக்கில் அவர்கள் தோற்றார்கள். இது எப்படி நடந்தது என்பதைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை பதிவு செய்வதே இந்த ஆய்வு. விளையாட்டுச் சங்கங்களில் இருப்பவர்களும், அரசுப் பணத்தில் பெரிய போட்டிகளை நடத்த முனைபவர்களும் படிக்க வேண்டிய வழக்கு இது என்று உறுதியாக நம்புகிறேன். வழக்கின் போக்குதான் இங்கே முக்கியம் என்பதால் வீராங்கனைகளின் பெயர்களைத் தரவில்லை.

பின்னணி

நம்மில் பலர் ஸ்கீ ஜம்பிங்கை டிவியில்கூடப் பார்த்திருக்க மாட்டோம் என்பதால் கொஞ்சம் விளக்கம். உயரமான சரிவு மேடையிலிருந்து, காலில் நீண்ட பனிச்சறுக்குப் பலகைகளை மாட்டிக்கொண்டு மணிக்கு 90 கிலோமீட்டர் அளவு வேகத்தில் வழுக்கி வந்து, மேடை முடியும் இடத்தில் எம்பி, காற்றில் மிதந்து, கீழே பனிச் சரிவில் இறங்க வேண்டும். தூரத்துக்கும் மதிப்பெண் உண்டு, உடல் நிலைக்கும் இறங்கும் நேர்த்திக்கும் உண்டு. எடை குறைவாக இருப்பது இதில் உதவும். அதனால் தசை வலுவை மட்டும் நம்பியிருக்கும் விளையாட்டுகளில் தெரியும் அளவுக்கு இதில் ஆண் பெண் இடைவெளி பெரிதாகத் தெரியாது. சற்று மேலேயுள்ள புறப்பாட்டுப் படியிலிருந்து பெண்கள் கிளம்பினால் ஏறக்குறைய அதே தூரத்தை எட்டிவிடுவார்கள்.

பெண்கள் இதற்குப் புதியவர்களும் அல்ல. நார்வேயில் 1862லேயே ஒரு பெண் போட்டியில் தாண்டியது பதிவாகியிருக்கிறது. 2003ல் ஆஸ்திரியாவின் குல்ம் மேடையில் அந்நாட்டு வீராங்கனை ஒருவர் 200 மீட்டர் தாண்டினார். 2004-05 பருவத்திலிருந்து பெண்களுக்கென்று கான்டினென்டல் கோப்பைத் தொடர் நடந்துவந்தது. ஆண்களுக்கோ 1924ல் பிரான்சின் ஷமோனியில் நடந்த முதல் குளிர்கால ஒலிம்பிக்கிலிருந்தே இடம் இருந்தது.

பெண்களுக்கு எதிராக முதலில் சொல்லப்பட்டது உடலைப் பற்றிய வாதம். சர்வதேச பனிச்சறுக்குக் கூட்டமைப்பின் அப்போதைய தலைவரே 2005ல் ஒரு வானொலிப் பேட்டியில், இறங்கும்போது உடல் தாங்கும் அதிர்ச்சியைச் சுட்டிக்காட்டி, மருத்துவ நோக்கில் இது பெண்களுக்கு ஏற்றதாகத் தெரியவில்லை என்ற பொருளில் பேசினார். அடுத்த ஆண்டே அவருடைய கூட்டமைப்பின் மாநாடு 114க்கு 1 என்ற வாக்கில், 2009 உலக சாம்பியன்ஷிப்பில் பெண்கள் போட்டியைச் சேர்க்க முடிவெடுத்தது. விளையாட்டை அருகிலிருந்து பார்க்கும் தேசியச் சங்கங்களுக்குச் சந்தேகம் ஏதும் இருக்கவில்லை.

2006 நவம்பர்: கமிட்டியின் முடிவு

சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் செயற்குழு 2006 நவம்பர் 28 அன்று குவைத்தில் கூடியது. வான்கூவர் நிரலில், அதாவது போட்டிப் பட்டியலில், ஸ்கீ கிராஸ் என்ற புதிய போட்டியை ஆண், பெண் இரு பிரிவிலும் சேர்த்தது. பெண்கள் ஸ்கீ ஜம்பிங்கை மறுத்தது. போதுமான நாடுகளில் பரவவில்லை, தொழில்நுட்பத் தரம் இன்னும் எட்டவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். பிறகு 2008ல் கமிட்டியின் தலைவர், பதக்கங்களின் மதிப்பு நீர்த்துப்போவதை விரும்பவில்லை என்றும் சொன்னார்.

இந்தக் காரணங்கள் மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். ஒரு போட்டிக்கு உலகளாவிய பரவல் வேண்டும், இரண்டு உலக சாம்பியன்ஷிப்பாவது நடந்திருக்க வேண்டும் என்றெல்லாம் அளவுகோல் வைப்பதில் தவறில்லை. ஆனால் அந்த அளவுகோல் எல்லோருக்கும் ஒன்றுபோல் வைக்கப்படவில்லை. ஆண்கள் ஸ்கீ ஜம்பிங் ஒலிம்பிக் மரபு என்ற பெயரில் உள்ளே இருந்தது. அது தன் தகுதியை மறுபடி நிரூபிக்கத் தேவையில்லை. 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் பெண்கள் மாரத்தானைச் சேர்க்க 1981ல் முடிவானபோது அந்த ஓட்டத்துக்கு ஓர் உலக சாம்பியன்ஷிப்கூட நடந்திருக்கவில்லை. விதியைத் தளர்த்த மனம் இருந்த இடத்தில் தளர்த்தினார்கள் என்பது இதிலிருந்தே தெரிகிறது.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஐரோப்பாவின் சில நாடுகளைத் தாண்டினால், இந்த விளையாட்டு தொலைக்காட்சியில் பரவலாக வருவது நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒலிம்பிக்கின்போதுதான். ஒலிம்பிக்கில் இல்லாத போட்டிக்கு ஒளிபரப்பு கிடைப்பது கடினம். ஒளிபரப்பு இல்லாவிட்டால் விளம்பரதாரர் வரமாட்டார். பதக்க வாய்ப்பைப் பார்த்து ஒதுக்கப்படும் அரசு நிதியும் வராது. பணம் இல்லாவிட்டால் சிறுமிகளுக்குப் பயிற்சி இல்லை, புதிய நாடுகளில் அணி இல்லை. அப்புறம் கமிட்டி வந்து, பரவல் போதவில்லை என்கிறது. எந்தக் குறையைக் காட்டி மறுத்தார்களோ, அந்தக் குறையை வளர்த்ததே அந்த மறுப்புதான்.

கவனிக்கப்பட்டவை

வான்கூவர் போட்டிக்கான அரங்குகளைக் கட்ட கனடா மத்திய அரசும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண அரசும் ஆளுக்கு 29 கோடி கனடிய டாலர் கொடுத்தன. அந்தப் பணத்தில் எழுந்தவற்றில் ஒன்று, விஸ்லருக்கு அருகே காலகன் பள்ளத்தாக்கிலுள்ள ஸ்கீ ஜம்பிங் மேடைகள். அங்கே சிறிய மேடையில் 105.5 மீட்டர் தாண்டி, ஆண்களையும் சேர்த்து மேடைச் சாதனையைத் தன் பெயரில் வைத்திருந்தவர் ஓர் அமெரிக்க வீராங்கனை. 2009 பிப்ரவரியில் செக் குடியரசின் லிபெரெட்ஸில் பெண்களுக்கு முதன்முறையாக நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் வென்றவரும் அவரே. மறு ஆண்டு பிப்ரவரியில் ஆண்கள் வந்து தாண்டும்வரை அந்த மேடைச் சாதனை அவரிடம்தான் இருந்தது. சாதனை அவருடையது. அந்த மேடையில் ஒலிம்பிக்கில் தாண்டும் உரிமைதான் அவருக்கு இல்லை.

வரிப்பணத்தில் கட்டிய பொது அரங்கில் ஆண்கள் மட்டும் போட்டியிட அரசு அனுமதிக்கலாமா என்ற கேள்வி கனடாவில் எழுந்தது இப்படித்தான். 2007 தொடக்கத்தில் கனடா மனித உரிமை ஆணையத்திடம் ஒரு புகார் போனது. கமிட்டியிடம் எடுத்துச் சொல்வோம் என்று அரசு ஒப்புக்கொண்டதோடு அது முடிந்தது. எடுத்துச் சொன்னார்கள், கமிட்டி அசையவில்லை.

நீதிமன்றம் போக எடுத்த முடிவு

2008 மே மாதம் வழக்கு தாக்கலானது. முடிவில் கனடா, அமெரிக்கா, ஐரோப்பிய நாடுகள் என 15 வீராங்கனைகள் அதில் சேர்ந்திருந்தார்கள். யார் மீது தொடுப்பது என்பதுதான் முதல் சிக்கல். முடிவெடுத்த கமிட்டி சுவிட்சர்லாந்தின் லோசானில் இருக்கிறது. கனடாவின் உரிமைச் சாசனம் அதைக் கட்டுப்படுத்தாது. ஆகவே போட்டியை நடத்தும் வான்கூவர் ஏற்பாட்டுக் குழுவைப் பிரதிவாதி ஆக்கினார்கள். அந்தக் குழு அரசின் வேலையைச் செய்கிறது, அரசை 1982 முதல் கட்டுப்படுத்தும் உரிமைகள், சுதந்திரங்கள் சாசனம் அதையும் கட்டுப்படுத்த வேண்டும், அந்தச் சாசனத்தின் 15ஆவது பிரிவு பாலினப் பாகுபாட்டைத் தடுக்கிறது என்பது அவர்களின் வாதம்.

கேட்ட பரிகாரம் கூர்மையானது. பெண்கள் போட்டியை நடத்துங்கள் என்று உத்தரவிடுமாறு அவர்கள் கேட்கவில்லை. ஆண்களுக்கு ஸ்கீ ஜம்பிங் நடத்தினால் பெண்களுக்கும் நடத்த வேண்டும், இல்லாவிட்டால் அது சாசன மீறல் என்று அறிவிக்கச் சொன்னார்கள். அப்படி ஒரு அறிவிப்பு வந்துவிட்டால், பெண்களைச் சேர்ப்பதா, ஆண்கள் போட்டியையும் இழப்பதா என்று லோசான் யோசித்தே ஆக வேண்டும். நீதிமன்றத்தின் கை எட்டாத அமைப்பை, கை எட்டும் அமைப்பு வழியாக நெருக்கும் உத்தி இது. அவர்களிடம் இருந்த வழிகளில் இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை.

இதில் துணிச்சலும் இருக்கிறது. தங்கள் சொந்த நாட்டு ஆண்கள் அணியோடு ஒரே மேடையில் பயிற்சி செய்பவர்கள், அந்த ஆண்களின் ஒலிம்பிக் வாய்ப்பையே ஆபத்தில் வைக்கும் கோரிக்கையோடு வழக்குப் போடுவது எளிதான காரியம் அல்ல. அவர்களில் பலர் அப்போது பதின்ம வயதைக் கடந்து அதிக காலம் ஆகாதவர்கள்.

2009: மூன்று நீதிமன்றங்கள்

ஏப்ரலில் பிரிட்டிஷ் கொலம்பியா சுப்ரீம் கோர்ட்டில் விசாரணை நடந்தது. பெயர் அப்படி இருந்தாலும் அது மாகாணத்தின் விசாரணை நீதிமன்றம், நாட்டின் உச்ச நீதிமன்றம் வேறு. ஜூலை 10 அன்று தீர்ப்பு வந்தது. அதில் மூன்று படிகள் இருந்தன.

முதலாவது, போட்டியைத் திட்டமிட்டு நடத்துவது அரசின் செயல்பாடு. அதைச் செய்யும் அளவில் ஏற்பாட்டுக் குழு சாசனத்துக்கு உட்பட்டது என்றார் நீதிபதி. இது வீராங்கனைகளுக்குச் சாதகம். இரண்டாவது, பெண்களை விலக்கியது பாகுபாடு என்றார். இதுவும் சாதகம். மூன்றாவதுதான் வழக்கைக் கவிழ்த்தது. நிரலில் எந்தப் போட்டி இருக்கும் என்பதை முடிவு செய்தது ஒலிம்பிக் கமிட்டி, அந்தப் பாகுபாட்டைச் சரிசெய்யக்கூடியதும் கமிட்டி மட்டுமே, ஏற்பாட்டுக் குழுவுக்கு அதில் அதிகாரம் இல்லை. தன்னால் மாற்ற முடியாத ஒரு முடிவுக்காக அந்தக் குழு சாசனத்தை மீறியதாகச் சொல்ல முடியாது. பாகுபாடு நடந்தது என்ற முடிவு இவர்களுக்குப் பெரிய ஆறுதலாக இருக்காது என்பதையும் நீதிபதி உணர்ந்தே எழுதியிருந்தார்.

இதைப் பலமுறை படித்துப் பார்த்தபின் எனக்குத் தோன்றுவது, நீதிபதி மேல் குறை சொல்ல அதிகம் இல்லை என்பதுதான். குறை அதற்கு ஆறு ஆண்டுக்கு முன் நடந்த ஒன்றில் இருக்கிறது. 2003 ஜூலையில் ப்ராக் நகரில் வான்கூவருக்குப் போட்டி கிடைத்தபோது, நிரலை முடிவு செய்யும் முழு உரிமையும் கமிட்டியிடமே என்ற ஏற்பாட்டை ஏற்றுத்தான் கனடா உள்ளே போனது. பணம், நிலம், பாதுகாப்பு எல்லாம் கனடா பொறுப்பு. யார் விளையாடலாம் என்பது மட்டும் வேறு இடத்தில். எதிர்காலத்தில் அந்த அதிகாரம் கனடாவின் அடிப்படை உரிமைகளோடு மோதினால் என்ன செய்வது என்று அன்று யாரும் ஒரு வரி எழுதி வைக்கவில்லை. 2009ல் நீதிமன்றத்தின் முன் வந்தது அந்த எழுதப்படாத வரிதான்.

மேல்முறையீடு நவம்பர் 20 அன்று தள்ளுபடியானது. மேல்முறையீட்டு நீதிமன்றம் இன்னும் ஒரு படி பின்னால் போனது. நிரலைத் தேர்ந்தெடுப்பது அரசின் கொள்கையோ செயல்பாடோ அல்ல, ஆகவே இந்த விஷயத்தில் சாசனமே பொருந்தாது என்றது. டிசம்பர் 22 அன்று கனடா உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்தது. போட்டிக்கு இரண்டு மாதம்கூட இல்லை. சட்டத்தின் பாதை அங்கே முடிந்தது.

இடையில் நடந்த ஒன்று நம் நாட்டுக்கு நெருக்கமானது. விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு வந்த அடுத்த மாதமே, 2009 ஆகஸ்டில், அதே ஒலிம்பிக் கமிட்டி பெண்கள் குத்துச்சண்டையை 2012 லண்டன் நிரலில் சேர்த்தது. மணிப்பூரின் மேரி கோம் அதற்குள் நான்கு முறை உலக சாம்பியன், 2010ல் ஐந்தாவது முறை. ஆனாலும் நாட்டில் பெரும்பாலானவர்கள் அவரை அறிந்தது லண்டனில் அவர் வெண்கலம் வென்ற பிறகுதான். ஒரு போட்டி நிரலில் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வேறுபாடு ஒரு வீராங்கனையின் வாழ்க்கையில் என்ன செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நமக்குத் தேவையில்லை.

தொடர்ந்தவை

2010 பிப்ரவரியில் ஆண்கள் தாண்டினார்கள், பெண்கள் பார்வையாளராக இருந்தார்கள். வட அமெரிக்க ஊடகங்களில் அந்த வீராங்கனைகளின் பெயர்கள் பரவலாக வந்தன, ஆனால் வழக்குச் செய்தியாக. அவர்கள் எப்படித் தாண்டுகிறார்கள், யாருடைய பாணி எது, லிபெரெட்ஸில் வென்றவர் எப்படி வென்றார் என்பதெல்லாம் அந்தச் செய்திகளில் ஓரமாகவே இருந்தது. இருந்தாலும் வழக்கால் ஒன்று நடந்தது. அதுவரை லோசானின் கூட்ட அறைக்குள் இருந்த காரணங்கள் சத்தியப் பிரமாணத்தோடு ஒரு நீதிமன்ற ஆவணத்தில் ஏறின, அவற்றுக்கு எதிரே பாகுபாடு என்று ஒரு நீதிபதியின் கையெழுத்தும் ஏறியது. அதைப் பிறகு யாராலும் மறைக்க முடியவில்லை.

2011 பிப்ரவரி, மார்ச்சில் ஆஸ்லோவில் இரண்டாவது முறையாகப் பெண்கள் உலக சாம்பியன்ஷிப் நடந்தது. ஏப்ரல் 6 அன்று கமிட்டி 2014 சோச்சி நிரலில் பெண்கள் ஸ்கீ ஜம்பிங்கைச் சேர்த்தது. அந்த டிசம்பரில் நார்வேயின் லில்லஹாமரில் பெண்கள் உலகக் கோப்பைத் தொடர் தொடங்கியது. ஆக, ஒலிம்பிக் வாசல் திறந்த எட்டு மாதத்தில் மற்ற கதவுகளும் திறந்தன. பரவல் வந்த பிறகுதான் நிரல் என்று முன்பு சொன்னவர்கள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும்.

2014 பிப்ரவரி 11 அன்று சோச்சியில் 30 பெண்கள் தாண்டினார்கள். ஒரு ஜெர்மானியர் தங்கம் வென்றார். வழக்குத் தொடுத்தவர்களில் சிலர் அங்கே இருந்தார்கள். சிலர் அதற்குள் விளையாட்டை விட்டுவிட்டிருந்தார்கள். விளையாட்டு வாழ்க்கையின் உச்ச ஆண்டுகள் யாருக்கும் காத்திருப்பதில்லை. அந்த இழப்பை எந்த முடிவாலும் ஈடுசெய்ய முடியாது.

சமத்துவம் அதோடு வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. சோச்சியில் ஆண்களுக்கு மூன்று பதக்கப் போட்டிகள், பெண்களுக்கு ஒன்று. போட்டிக்குச் சற்று முன்னர்கூட ரஷ்ய ஆண்கள் அணியின் பயிற்சியாளர், பெண்களுக்குக் குழந்தை பெறுவது, வீட்டைக் கவனிப்பது என்று வேறு வேலை இருக்கிறது என்ற பொருளில் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். பெரிய மேடையில் பெண்களுக்குத் தனிப் போட்டி 2026 மிலானோ கார்ட்டினா நிரலில்தான் முதன்முறையாகச் சேர்ந்தது. இன்னும் பெரிய, பறத்தல் மேடை என்றே சொல்லத்தக்க மேடைகளில் பெண்களுக்கு முதன்முறையாகப் போட்டி நடந்தது 2023 மார்ச்சில், நார்வேயின் விக்கர்சுண்டில், அதுவும் 15 பேருக்கு மட்டும். இரண்டே ஆண்டில், 2025ல், அதே மேடையில் ஒரு ஸ்லோவேனிய வீராங்கனை 236 மீட்டர் தாண்டினார். மருத்துவ நோக்கில் ஏற்றதல்ல என்று ஒருவர் சொல்லி அப்போது 20 ஆண்டு ஆகியிருந்தது.

பணத்தில் நிலைமை எப்படி என்பதை 2024 டிசம்பர் இறுதி காட்டியது. ஜெர்மனியின் கார்மிஷ் பார்டென்கிர்ஹனில் பெண்கள் தகுதிச் சுற்றில் முதலிடம் பெற்றவருக்குப் பரிசாக ஷாம்பூ, குளியல் ஜெல், நான்கு துண்டுகள் கொடுத்தார்கள். அதே ஊரில் ஆண்கள் தகுதிச் சுற்றை வென்றவருக்கு 3,000 சுவிஸ் பிராங்க். அந்த வீராங்கனை வெளிப்படையாகப் பேசியதால்தான் உலகுக்கு இது தெரிந்தது.

எதை மாற்ற வேண்டும்

இந்த வழக்கில் பாகுபாட்டை யாரும் மறுக்க முடியாத நிலை வந்தது. ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் யாரும் நீதிமன்றத்தில் இல்லை. பணம் ஒரு கையிலும் அதிகாரம் இன்னொரு கையிலும் இருக்கும்போது பொறுப்பு எந்தக் கையிலும் நிற்பதில்லை. இதற்கு மருந்து வழக்கில் இல்லை, அதற்கு முன்னால் போடும் ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஒரு அரசு போட்டியை நடத்த ஒப்புக்கொள்ளும் நாளில், பொதுப்பணத்தில் கட்டும் எந்த அரங்கிலும் ஒரு பாலினத்துக்கு மட்டும் போட்டி நடக்காது என்ற நிபந்தனையை எழுத்தில் வாங்கிவிட வேண்டும். பேரம் பேசும் வலு அன்றைக்குத்தான் இருக்கிறது. கையெழுத்துப் போட்டபின் கெஞ்சலாம், வழக்குப் போடலாம், அவ்வளவுதான்.

ஒலிம்பிக் அமைப்பே கொஞ்சம் இந்தத் திசையில் நகர்ந்திருக்கிறது. 2024 போட்டிக்கான நகர ஒப்பந்தத்திலிருந்து மனித உரிமைப் பிரிவு சேர்க்கப்பட்டது. பாரிஸில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சம எண்ணிக்கையில் இடங்கள் ஒதுக்கப்பட்டன. நல்ல மாற்றங்கள். ஆனால் நிரலை முடிவு செய்யும் அதிகாரம் இன்னமும் அங்கேயேதான் இருக்கிறது.

நம் ஊரில் மாவட்ட அளவில் ஒரு போட்டிக்கு அரசு மைதானத்தைக் கொடுக்கும்போதுகூட இதே கேள்வியைக் கேட்கலாம்: பெண்கள் பிரிவு உண்டா, பரிசுத் தொகை சமமா, இறுதிப் போட்டி யாரும் இல்லாத காலை வேளையிலா, கூட்டம் வரும் மாலையிலா? அனுமதிக் கடிதத்தில் இதற்கு மூன்று வரி போதும்.

ஊடகத்துக்கும் ஒன்று. வீராங்கனை வழக்குப் போட்டால் வரும் செய்தியாளர், அதற்கு முந்தைய ஆண்டு அவர் உலக சாம்பியன்ஷிப்பில் தாண்டும்போதும் வர வேண்டும். பார்ப்பவர் இல்லை என்ற காரணம் நிரல் கூட்டத்தில் எடுபடாமல் போவதற்கு அதுவே வழி.

முடியாத பகுதி

நார்டிக் கம்பைண்ட் இன்னும் அப்படியே இருக்கிறது. பெண்களுக்கு அதில் 2020 டிசம்பரில் உலகக் கோப்பை தொடங்கியது, 2021ல் ஓபர்ஸ்ட்டார்ஃபில் முதல் உலக சாம்பியன்ஷிப் நடந்தது. 2022 ஜூனில் ஒலிம்பிக் கமிட்டி 2026 நிரலுக்கு அதை மறுத்தது. சொன்ன காரணங்கள்: பெண்களுக்கு நடந்தது ஒரே ஒரு உலக சாம்பியன்ஷிப், கலந்துகொண்டது 10 நாடுகள், பார்வையாளர் குறைவு. ஆண்கள் போட்டியிலும் முந்தைய மூன்று ஒலிம்பிக்கில் 27 பதக்கங்களையும் நான்கே நாடுகள் பகிர்ந்துகொண்டதை அதே அறிவிப்பில் கமிட்டி ஒப்புக்கொண்டது. இருந்தும் ஆண்கள் 2026க்குப் போக அனுமதி கிடைத்தது. 2006 குவைத் கூட்டத்தின் குறிப்பையும் 2022ன் அறிவிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், விளையாட்டின் பெயரும் ஆண்டும்தான் மாறியிருக்கின்றன.